பறக்குமுன் பார்த்தல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களுக்கு நீரூட்டுவது உன்னிச்சைக் குளம். மாரி பொழிந்து குளம் நிரம்பிய பின்னர் வான்கதவு இறுகிக் கிடப்பதைக் கண்டால் யாது பயன்? மழைக்கு முன்னரே கதவையும் மதகையும் இயக்கிப் பார்த்து வைத்தல் குளம் காப்போர் கடமை. உழவர் உலகம் நன்கறிந்த இவ்வுண்மையை, விமான உலகம் உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றது.

1935ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ரைட் விமானத் தளத்திலிருந்து, போயிங் கம்பனியின் நான்கு எந்திர விமானமொன்று பரிசோதனைக்காக எழுந்தது. மிகச் செங்குத்தாக மேலேறிய அது வேகமிழந்து வீழ்ந்து தீப்பற்றியது. மேஜர் பிளோயர் ஹில், லெஸ்லி டவர் என்னும் தேர்ந்த விமானிகள் இருவர் மாண்டனர். எந்திரங்களில் குறையில்லை. விமானம் தரையில் நிற்கையில் வாற்பகுதியின் திருப்பு தகடுகள் காற்றில் ஆடாதவாறு மாட்டப்படும் பூட்டு, புறப்படுமுன் விடுவிக்கப்படவில்லை, அவ்வளவே.

திறமை மிக்கோரும் மறத்தல் கூடுமென்பதை உணர்ந்த விமானப்படையினர், ஒவ்வொரு கட்டத்திலும் வாசித்துச் செய்யவேண்டிய செயல்களைப் பட்டியலாக்கினர். பின்னர் பி-17 எனப் பெயர்பெற்ற அவ்வினத்தில் 12,000க்கு மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டன. பட்டியலோ உலகெங்கும் விமானிகளின் வழக்கமாயிற்று.

ஆயினும், பட்டியல் இருத்தல் வேறு. அதன்படி ஒழுகுதல் வேறு. 2014ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், மேரிலாந்து மாநிலத்துக் கெயிதர்ஸ்பேர்க் நகரிலே, எம்பிரேயர் பீனம் 100 என்னும் சிறிய ஜெட் விமானம் இறங்க முயன்றது. முகிலினூடே வருகையில் அதன் சிறகுகளிற் பனி உறைந்தது. பனி படிந்த சிறகு தாங்கும் ஆற்றலை இழக்கும். அதனால் இறங்கும் வேகத்தைக் கூட்டவேண்டும். பனியகற்றும் கருவி விமானத்தில் இருந்தது, அது இயக்கப்படவில்லை. காலநிலைக்கும் விமானத்தின் எடைக்கும் ஏற்ற வேகமும் கைக்கொள்ளப்படவில்லை. இவையிரண்டுமே காரணமென விசாரணை தீர்ப்புரைத்தது. ஓடுபாதையை அடையுமுன் விமானம் வீடொன்றின்மேல் வீழ்ந்தது. விமானத்திலிருந்த மூவரும், வீட்டிலிருந்த தாயொருத்தியும் அவள் பிள்ளைகள் இருவரும் உயிரிழந்தனர்.

அத்தாய் அவ்விமானத்தில் ஏறியவளல்லள். குளக்கட்டின் கீழே உறங்கும் ஊரார் வான்கதவைத் தொட்டவர்களுமல்லர். பிறர் உயிரைத் தன் கைப்பொறுப்பில் வைத்திருப்பவன், தன் நினைவையும் அனுபவத்தையும் மட்டும் நம்பியிருத்தல் தகாது. நூறு முறை செய்த செயலாயினும் நூற்றோராம் முறையும் பார்த்தே செய்தல் வேண்டும். அது திறமைக்கு இழுக்கன்று. திறமையின் முதிர்ச்சியே ஆகும்.