அமெரிக்கப் பெயருக்குப் பின்னால்

நார்த்மீட்டிலிருந்து பேசுகிறேன். என் பூட்டனுடைய ஐயாவைப் பெற்றவர்கள் யார்? யாழ்ப்பாணத்து ஞானஸ்நானப் பதிவேட்டின் படியில் அவருக்கு இருந்தது ஓர் அமெரிக்கப் பெயர்தான். அந்தப் பெயரில் ஒரு குடும்பத்தைத் தேடி மாதக்கணக்காய் அலைந்தேன். மடத்தனம்!

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிகளின் விடுதிப் பள்ளிகளில், பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கருடைய பெயரையே பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்த சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் என்றும், சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் என்றும் அறியப்பட்டார்கள். 'பாவலர் சரித்திர தீபகம்' (1886) எழுதினாரே, அதே ஆர்னல்ட்தான். அந்தப் பெயர் பணம் அனுப்பியவரைக் காட்டும், பெற்றவரைக் காட்டாது.

பிறகு கல்யாணப் பதிவைத் தேடி எடுத்தேன். தகப்பன் பெயர் அங்கே இருந்தது, நல்ல தமிழ்ப் பெயர். தாயின் பெயரை எழுத அதில் இடமே விடவில்லை. அவரைத்தான் இன்னும் தேடுகிறேன்.