சுருட்டுப் பேழையும் தென்சென்னைக் காற்றும்

ஆங்கிலத்தில் 'செரூட்' என வழங்கும் சொல் நம்முடைய 'சுருட்டு' என்பதன் திரிபே. 1886-இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி இதனைத் தமிழ்ச் சொல்லென்றே பதிவு செய்கிறது. மறு ஆண்டு, 1887-இல் வெளிவந்த கானன் டாயிலின் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிவாளர் தரையில் கிடந்த சாம்பலைக் கண்டு அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்கிறார். இவ்வாறு சொல்லும் பொருளும் கடல் கடந்த கதையை நம்மில் பலர் அறிவோம். அச்சுருட்டைக் காப்பதற்கென்று மேலை நாட்டில் தோன்றிய பேழை, நம் காற்றுக்குள் வந்து என்ன பாடுபடுகிறது என்பது அதிகம் பேசப்படாத கதை. அதனையே இங்கு நோக்குகிறோம்.

போர்த்துக்கீசியர் வழியே நம் மண்ணுக்கு வந்த புகையிலை விரைவில் இலக்கியத்திலும் இடம்பிடித்தது. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக அனுப்பினார். அந்நூலைத் தேடிப் பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். திண்டுக்கல் வட்டாரத்து இலை பெயர் பெற்றது. உறையூரில் சுருட்டு சுற்றுவது குடிசைத் தொழிலாயிற்று. சென்னை ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டாலை நடத்தியது. இத்தொழிலில் கைதேர்ந்தவருக்கு முதற்பாடம் இலையின் ஈரம். காய்ந்த இலை விரலில் நொறுங்கும். மிக நனைந்தது பூஞ்சை பிடிக்கும். சுற்றுவதற்கு ஏற்ற பதம் இரண்டிற்கும் நடுவே உள்ளது. அதனை அவர்கள் அளந்து அறியவில்லை, தொட்டு அறிந்தனர்.

சுருட்டாக ஆன பின்னரும் இலை காற்றிலிருந்து நீரைக் குடிப்பதையும் உமிழ்வதையும் விடுவதில்லை. ஒரு வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதை ஒப்பு ஈரப்பதம் என்கிறோம். சுருட்டுக்கு 65 முதல் 70 விழுக்காடு உகந்தது. கீழே இறங்கினால் மேலிலை வெடித்து மணம் போய்விடும். மேலே ஏறினால் பூஞ்சை வரும். வெப்பமும் சேர்ந்தால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, சுருட்டில் ஊசித் துளைகள் விழும்.

ஐரோப்பியக் குளிர்காலத்தில் அறையைச் சூடேற்றுவார்கள். சூடேறிய அக்காற்று வறண்டுவிடும். அவ்வறட்சிக்கு மாற்றாகவே 'ஹியூமிடார்' எனும் பேழை அமைந்தது. உட்புறம் 'ஸ்பானிய சீடர்' பலகை பதித்திருப்பர். பெயர் அவ்வாறாயினும் அது தேவதாரு வகையன்று. நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க மரம். மூடியில் ஒரு சிறு கூடு. அதனுள் நீர் ஊறிய பஞ்சு அல்லது நுரைக்கட்டி. புரோப்பிலீன் கிளைகோல் கலந்த நீரை ஊற்றினால் ஈரம் 70-ஐ ஒட்டி நிற்கும் என்பர். எனினும் அதன் அடிப்படை வேலை ஈரத்தைக் கொடுப்பதே. நாளடைவில் பஞ்சிலேயே பூஞ்சை படர்வதும் உண்டு.

இனித் தாம்பரத்தை எண்ணிப் பார்ப்போம். கடலிலிருந்து சற்றே உள்தள்ளிய ஊர். காசநோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டுமென்று மருத்துவர் சவுரிமுத்து 1928-இல் இங்கே மருத்துவமனை கண்டார். 'சானடோரியம்' என இன்றும் ரயில் நிலையத்தின் பெயரில் அது வாழ்கிறது. (நுரையீரலுக்குப் புகையிலை செய்யும் தீங்கை அவ்வூரார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை, நம் பேச்சு புகைப்பதைப் பற்றியதன்று, காப்பதைப் பற்றியது.) அந்த நல்ல காற்றும் ஆண்டு முழுதும் ஒரே தன்மையதன்று. கத்திரி வெயிலில் மேல்காற்று அடிக்கும் நண்பகலில் ஈரப்பதம் பாதிக்கும் கீழே சரியும். மாலையில் கடற்காற்று எட்டியதும் ஏறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள்கணக்கில் 80-ஐத் தாண்டி நிற்கும். கொடுக்க மட்டுமே அறிந்த பஞ்சு, வாங்கவும் அறிய வேண்டிய ஊர் இது. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் இதே நிலைதான்.

இவ்விடத்தில்தான் மணிகள் உதவுகின்றன. அவை சிலிக்கா ஜெல் உருண்டைகள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வால்டர் பாட்ரிக் 1919-இல் காப்புரிமை பெற்ற பொருள் இது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தது. புதுச் செருப்புப் பெட்டியில் சிறு பொட்டலமாக வருவதும் இதுவே. செருப்புப் பெட்டியில் உள்ளது ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். பேழைக்குரிய மணிகளையோ, குறித்த ஓர் அளவைச் சுற்றி வாங்கவும் கொடுக்கவும் வல்லனவாகப் பதப்படுத்தியிருப்பர். 65, 70 என அளவு குறித்தே விற்கின்றனர். நம் வெப்பத்தில் 65 என்பதே தக்கது. ஒரே விழுக்காட்டிலும் வெப்பக் காற்று மிகுதியான நீரைச் சுமக்கும் என்பதையும், வண்டுக்கு வெப்பமே அழைப்பு என்பதையும் மறத்தலாகாது.

மாற்றும் முறை எளிது. கூட்டிலுள்ள பஞ்சை எடுத்துவிட்டு, மணிகளை வலைப்பையிலோ அதே கூட்டிலோ இட வேண்டும். வாலைவடிநீரைச் சிறிது சிறிதாகத் தெளித்தால் நீர் ஏறிய மணி கண்ணாடி போலத் தெளியும். வறண்டது வெண்மையாகவே நிற்கும். மூன்றில் இரு பங்கு தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும். வெண்மையாக நிற்கும் ஒரு பங்கே மிகுதி ஈரத்தை வாங்கப் போவது. மழைக்காலத்தில் தெளிக்காமலே விடலாம். அனைத்தும் தெளிந்துவிட்டால் வெளியே எடுத்து ஆற வைப்பது நன்று.

அளக்கும் ஈரமானி மெய் சொல்கிறதா என அறிய, ஒரு மூடியில் உப்பைக் குழைவாக நனைத்து, கருவியோடு காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வைப்பர். காலையில் 75 காட்ட வேண்டும். ஏனெனில் உப்பு தன்னைச் சூழ்ந்த காற்றை 75 விழுக்காட்டிலேயே நிறுத்தும். வெப்பம் சற்று மாறினும் இவ்வளவு மாறுவதில்லை. அதற்கு மேல் காற்றில் ஈரம் ஏறினால் உப்பு கசியத் தொடங்கும். அடைமழையில் உப்பு மரவை கசிவதையும், அதில் நாலு அரிசியைப் போட்டு வைப்பதையும் கண்டிராத வீடு நம்மிடையே உண்டோ? அந்த மரவையே நம் பாட்டிமாரின் ஈரமானி. தாம்பரத்திற்குத் தென்கிழக்கே கேளம்பாக்கம், கோவளம் பகுதிகளின் உப்பளங்களும் இதே விதிக்குள்தான் இயங்கின: காற்று 75-க்குக் கீழே வறண்டால்தான் உப்பு விளையும்.

இவ்வளவும் ஓர் ஆடம்பரப் பெட்டிக்காகவா என்று கேட்கலாம். சுருட்டைத் துளைக்கும் அதே புகையிலை வண்டு நூல்களையும் துளைப்பது என்பதை நினைவிற் கொண்டால் அவ்வினா எழாது. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகத்துச் சுவடிகளும், தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்து அச்சு நூல்களும் இருப்பது இதே தென்சென்னைக் காற்றில்தான். அங்கே காப்பதற்கு அறிந்தோர் உள்ளனர். தாம்பரத்து வீடுகளில் பரண்மேல் கிடக்கும் தாத்தாவின் ஏட்டுக்கட்டுக்கும், முதற்பதிப்பு நூல்களுக்கும் யார் உள்ளனர்? இறுக மூடும் பெட்டி ஒன்று, ஈரமானி ஒன்று, மணிகள் ஒரு பிடி. ஏட்டுக்கு 50 விழுக்காட்டை ஒட்டிய அளவு உடையனவாகத் தேர்ந்தால் போதும். புகையாகப் போகும் இலைக்கு உலகம் இத்தனை நுட்பம் தேடியிருக்கிறது. எழுத்தைச் சுமக்கும் இலைக்கு அதில் ஒரு பங்கையேனும் வரும் மழைக்கு முன்னர் நாம் தேடிவிட வேண்டும்.