கூவாகத்தின் மரமுகம்

சமய வரலாற்றை ஏடுகளில் மட்டுமே தேடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஏடு எழுதாத மக்கள் தம் நம்பிக்கையையும் துயரையும் மரத்தில் செதுக்கி வைத்துள்ளனர் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கிழக்குக் கலிமந்தானில் வாழும் தாயாக் மக்களுள் சில குழுவினர், நெல் விதைப்பை ஒட்டி, 'ஹுடோக்' எனப்படும் மரமுகமூடி தரித்து, வாழையிலைகளால் உடலை மூடி ஆடுவர். பயிரைக் காக்க வரும் ஆவிகளின் முகமே அது என்பது அவர்தம் நம்பிக்கை. ஆடுபவன் தன் முகத்தை மறைக்கிறான். ஊரின் அச்சமும் நம்பிக்கையும் முகம் பெறுகின்றன.

இத்தகைய மரமுகம் ஒன்று நம் அண்மையிலும் உண்டு. கல்வராயன் மலைக்குக் கிழக்கே பரந்துள்ள சமவெளி, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டமாக விளங்குகிறது. பழைய தென்னார்க்காட்டின் பகுதியாகிய இது தெருக்கூத்திற்கும் பாரதக் கதைக்கும் பெயர்பெற்ற நிலம். இங்குக் கூத்தர் பொதுவாக முகமூடி அணிவதில்லை. முகத்தில் வண்ணம் பூசுவர். ஆயினும் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியன மரத்தால் ஆனவை. விடியும்வரை சுமந்தாட வேண்டுமாதலின், எடை குறைந்த கலியாண முருங்கை மரத்தைக் குடைந்து இவற்றைச் செய்வர்.

முழு மரமுகத்தைக் காண உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலுள்ள கூவாகம் செல்ல வேண்டும். அங்குள்ள கூத்தாண்டவர், அருச்சுனன் மகனாகிய அரவானே. பாண்டவர் வெற்றிபெற அவன் களப்பலியானான் என்னும் செய்தி, ஒன்பதாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே காணப்படுகிறது. பலியாகுமுன் மணம்புரிய விரும்பிய அவனுக்குக் கண்ணனே மோகினியாகி மனைவியானான் என்பது மக்கள் வழக்கு. பதினெட்டு நாட் போரையும் அரவானின் தலை கண்டுகொண்டிருந்தது என்றும் கூறுவர். எனவேதான் வழிபாட்டில் தலையே முதன்மை பெறுகிறது: பெரிய விழிகளும் மீசையும் உடைய, வண்ணந்தீட்டிய மரத்தலை.

சித்திரைத் திருவிழாவில் அத்தலை தேரேறுகிறது. முந்திய இரவு தாலி கட்டிக்கொண்ட திருநங்கையர், அரவானின் மரணத்தை முன்னிட்டுத் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளையுடுத்தி அழுகின்றனர். இந்த அழுகை நடிப்பா? பெற்ற வீட்டிலும் வாழும் ஊரிலும் தம் உண்மை முகத்தைக் காட்ட இயலாதார், ஒரு மரமுகத்தின் முன் அதனைக் காட்டுகின்றனர். தாயாக் ஆடவன் முகமூடியினால் தன்னை மறைக்கிறான். கூவாகத்திலோ மரமுகம் மனிதரின் மறைப்பை அகற்றுகிறது. 'அரவாணி' என்னும் சொல்லே இத்தலையினின்று பிறந்தது. பின்னர்த் 'திருநங்கை' என்னும் பெயர் வழங்கலாயிற்று. தமிழ்நாடு அரசு 2008இல் அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தாரின் உரிமையை ஏற்றது. சட்டம் அண்மையில் கண்டுகொண்டவர்களுக்குக் கிராமத்துச் சடங்கு முன்னரே இடமளித்திருந்தது. ஆனால் அவ்விடம் மணமகளுக்குரியது மட்டுமன்று, கைம்பெண்ணுக்குரியதும் ஆகும் என்பதையும் மறைத்தல் ஆகாது. திருவிழா முடிந்தபின் பலர் பழைய இகழ்ச்சிக்கே திரும்புகின்றனர்.

செதுக்கும் கைகளையும் நினைவுகூர்தல் தகும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பகுதிகளில் தச்சர் குடும்பங்கள் தேக்கு, வாகை, பூவரசு, வேம்பு முதலிய மரங்களில் தெய்வ உருவங்களும் கதவுகளும் செதுக்கி வாழ்கின்றன. மதுரைப் பக்கத்தினின்று குடிபெயர்ந்தோர் இக்கலையைக் கொணர்ந்தனர் என்பர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது.

சிற்பத்துக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது; அதன்முன் அழுவோருக்கு மதிப்புக் கிடைத்ததா என்பதே வரலாறு எழுப்பும் வினா. மரத்தலையைக் கண்டவுடன் 'விக்கிரகம்' என்னும் ஒரே சொல்லோடு ஆய்வை முடித்துக்கொள்வோமாயின், அதன்முன் நிற்கும் மனித முகங்களைக் காணத் தவறியவர்களாவோம். முதலில் காண்போம், தீர்ப்பு பின்னர் ஆகட்டும்.