வடக்கின் பெரும் சமர்: மார்ச் மாதத்துக்காகக் காத்திருக்கும் ஊர்

தமிழ்நாட்டில் பள்ளி விளையாட்டு என்றால் குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று படிப்படியாகப் போகும். பொம்மிடிப் பள்ளியும் பாப்பிரெட்டிப்பட்டிப் பள்ளியும் கபடியில் மோதினால் அன்றைக்கு மைதானத்தில் சத்தம் இருக்கும். மறுவாரம் அதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் ஆடிய பையன்களும் பி.டி. மாஸ்டரும் மட்டும்தான். அடுத்த வருடம் அதே இரண்டு பள்ளிகள் மோதுமா என்பதுகூடத் தெரியாது. எல்லாம் அட்டவணை போடுபவர் கையில் இருக்கிறது.

ஆனால் இரண்டு பள்ளிகள் மோதும் ஒரே ஒரு ஆட்டத்துக்காக ஒரு ஊரே வருடம் முழுக்கக் காத்திருக்கும் வழக்கம் உலகத்தில் பல இடங்களில் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நீடம், வெல்லஸ்லி ஆகிய இரண்டு ஊர்ப் பள்ளிகள் 1882-லிருந்து அமெரிக்கக் கால்பந்தில் மோதி வருகின்றன. இங்கிலாந்தில் ஈட்டன், ஹாரோ பள்ளிகள் 1805-லேயே லார்ட்ஸில் கிரிக்கெட் ஆடிவிட்டன. அந்த ஆட்டத்தில் ஹாரோ பள்ளிக்காக இறங்கியவர்களில் ஒருவர் பின்னாளில் பெரிய கவிஞரான பைரன்!

தமிழர்களிடம் அப்படி ஒரு ஆட்டம் இருக்கிறதா? இருக்கிறது, அதுவும் நூற்றாண்டைத் தாண்டிய ஆட்டம். அது நடக்கும் இடம் யாழ்ப்பாணம், அதன் பெயர் 'வடக்கின் பெரும் சமர்'.

யார் யாரோடு?

ஒரு பக்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. இன்னொரு பக்கம் பரி. யோவான் கல்லூரி. கல்லூரி என்றவுடன் பி.காம்., பி.எஸ்சி. என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கையில் பெரிய பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரி என்றுதான் பெயர். ஆடுபவர்கள் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பள்ளி மாணவர்கள். கிரிக்கெட்டுக்கு அங்கே துடுப்பாட்டம் என்று பெயர், கால்பந்துக்கு உதைபந்தாட்டம்.

மத்திய கல்லூரியை 1816-ல் மெதடிஸ்ட் மிஷனரிகள் தொடங்கினார்கள். பரி. யோவான் கல்லூரி 1823-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த மிஷனரிகளால் தொடங்கப்பட்டது. இரண்டும் ஒரே ஊரில், நடந்து போகிற தூரத்தில் இருப்பவை. இரண்டும் ஆங்கிலக் கல்வி கொடுத்தவை. ஒரே வீட்டு மனிதர்களும் ஒரே தெருக்காரர்களும் இரண்டு பள்ளிகளிலும் படித்திருப்பார்கள். போட்டி சூடு பிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? தூரத்து ஊர்க்காரனிடம் தோற்றால் மறந்துவிடலாம். பக்கத்துத் தெருக்காரனிடம் தோற்றால் வருடம் முழுக்க அவன் முகத்தில் விழிக்க வேண்டுமே!

ஈட்டன் - ஹாரோ பாணி ஆட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேய ஆசிரியர்கள். கொழும்பில் ராயல் கல்லூரிக்கும் புனித தோமையர் கல்லூரிக்கும் 1879-ல் முதல் ஆட்டம் நடந்தது. அதில் ஆசிரியர்களும் சேர்ந்தே ஆடினார்கள். அடுத்த வருடத்திலிருந்து மாணவர்கள் மட்டும். அந்த அலை வடக்கே வந்து சேர கால் நூற்றாண்டு ஆனது. 1904-ல் மத்திய கல்லூரியும் பரி. யோவானும் முதல் முறையாக மோதின.

காத்திருப்பு எப்படி இருக்கும்?

ஆட்டம் வழக்கமாக மார்ச் மாதத்தில், மத்திய கல்லூரி மைதானத்தில் நடக்கும். இப்போது அது மூன்று நாள் ஆட்டம். ஆனால் ஊருக்கு அந்த மூன்று நாள் மட்டும் கணக்கில்லை. வருடம் பிறந்ததுமே பேச்சு ஆரம்பித்துவிடும். இந்த வருடம் கேப்டன் யார், வேகப்பந்து யார் போடுகிறார், போன வருடம் சதம் அடித்தவன் இன்னும் பள்ளியில் இருக்கிறானா அல்லது வயது தாண்டிவிட்டதா என்று டீக்கடை முதல் கோயில் வாசல் வரை ஒரே அலசல்தான். இரண்டு அணிகளும் மற்ற பள்ளிகளோடு ஆடுகிற ஆட்டங்களை எல்லாம் ஒத்திகையாகவே பார்ப்பார்கள்.

நாள் நெருங்க நெருங்க கொடிகள் வெளியே வரும். பையன்கள் வாகனங்களில் கொடியோடும் மேளத்தோடும் ஊர்வலம் போவார்கள். 'பபரே' என்று ஒரு வாத்தியக் கூட்டம் உண்டு. ட்ரம்பெட்டும் டிரம்முமாக ஆட வைக்கிற இசை. இலங்கையில் பெரிய ஆட்டம் என்றால் அது இல்லாமல் நடக்காது. பழைய மாணவர்கள் கொழும்பிலிருந்தும், லண்டன், டொரண்டோ போன்ற ஊர்களிலிருந்தும் இதற்காகவே லீவு எடுத்து வந்து சேருவார்கள். பேரன் ஆட வேண்டும் என்பதுகூட இல்லை. தான் படித்த பள்ளி ஆடுகிறது, அது போதும்.

வடக்கில் இது ஒன்றுதான் என்றும் இல்லை. புனித பத்திரிசியார் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதுவதற்குப் 'பொன் அணிகளின் சமர்' என்று பெயர். யாழ் இந்துக் கல்லூரியும் கொக்குவில் இந்துக் கல்லூரியும் மோதுவது 'இந்துக்களின் சமர்'. ஆனாலும் பழமையில் முதல் மரியாதை 1904-ல் தொடங்கியதற்குத்தான்.

கணக்கில் விழுந்த துண்டு

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 1904-ல் முதல் ஆட்டம். வருடத்துக்கு ஒன்று என்றால் 2019-ல் நடந்தது 116-வது ஆட்டமாக இருக்க வேண்டும். ஆனால் 2019-ல் நடந்ததை 113-வது சமர் என்றுதான் குறிப்பிட்டார்கள். மூன்று குறைகிறது.

கொழும்பு ராயல் - தோமையர் ஆட்டம் இரண்டு உலகப் போர்களின்போதும் நிற்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தால் அப்படிச் சொல்ல முடியாது. உலகப் போர் வெகு தூரத்தில் நடந்தது, உள்நாட்டுப் போரோ மைதானத்துக்கு வெளியிலேயே நடந்தது.

மத்திய கல்லூரி இருக்கும் இடத்தைப் பாருங்கள். பக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டு, சுமார் 97,000 நூல்களோடு சாம்பலானது அதுதான். கொஞ்சம் தள்ளி டச்சுக்காரர்கள் காலத்துக் கோட்டை. 1990-ல் கோட்டைக்குள் ராணுவமும் வெளியே விடுதலைப் புலிகளும் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். கோட்டையைச் சுற்றியிருந்த பகுதி முழுக்க இடிந்து நொறுங்கியது. அதே வட்டாரத்தில்தான் பந்தும் மட்டையுமாகப் பையன்கள் பயிற்சி எடுத்த மைதானமும் இருக்கிறது.

பிறகு 1995 அக்டோபர் 30. ராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரமும் சுற்றுப்புற ஊர்களும் ஒரே இரவில் கிளம்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தன. லட்சக்கணக்கான மக்கள், கொட்டும் மழை, ஒரே ஒரு பாதை. டிசம்பரில் நகரம் ராணுவத்தின் கைக்கு வந்தபோது அங்கே மக்கள் கிட்டத்தட்ட இல்லை. பெரும்பாலானவர்கள் திரும்பத் தொடங்கியதே 1996 ஏப்ரலுக்குப் பிறகுதான். அந்த மார்ச்சில் பேட் பிடிக்கிற கையும் ஊரில் இல்லை, கை தட்டுகிற கையும் இல்லை.

ஒரு தலைமை ஆசிரியரின் கதை

பரி. யோவான் கல்லூரியின் அதிபராக இருந்தவர் சி. ஈ. ஆனந்தராஜன். (தலைமை ஆசிரியரை அங்கே அதிபர் என்பார்கள்.) 1985 ஜூன் மாதம் அரசுக்கும் இயக்கங்களுக்கும் இடையே ஒரு போர்நிறுத்தம் வந்தது. அந்தச் சமயத்தில் மாணவர்களுக்கும் ராணுவத்தினருக்கும் இடையே ஒரு நட்பு கிரிக்கெட் ஆட்டம் நடக்க அவர் முன்னின்றார். 1985 ஜூன் 26 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆட்டம்தான் காரணம் என்றும், சுட்டவர்கள் விடுதலைப் புலிகள் என்றும் பரவலாகப் பதிவாகியிருக்கிறது.

அவர் செய்தது சரியா தப்பா என்று அன்றைக்கு ஊருக்குள் இரண்டு பேச்சு இருந்திருக்கலாம். ஆனால் பள்ளிக்கூட ஆட்டம் வெறும் விளையாட்டு, பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். யாரோடு யார் ஆடலாம் என்பது உயிர் போகிற கேள்வியாக இருந்த ஊர் அது.

கணக்கை இன்னொரு பக்கமாகப் பார்த்தால்...

குறைந்தது மூன்று ஆட்டம் என்றோம். அந்த மூன்றையும் போரின் கணக்கிலேயே எழுதிக்கொள்வோம். போர் 1983 ஜூலையில் வெடித்து 2009 மே மாதம் முடிந்தது. இடையில் வந்த மார்ச் மாதங்கள் 26. மூன்று போனாலும் 23 மிச்சம்!

அதாவது மின்சாரம் இல்லாத காலத்தில், மண்ணெண்ணெய்க்கும் பேட்டரிக்கும் தடை இருந்த காலத்தில், ஊரடங்கு இருந்த காலத்தில், கொழும்புச் சாலை மூடிக் கிடந்த காலத்தில் எல்லாம் இரண்டு பள்ளிகளும் பதினோரு பையன்களைத் தேடிப் பிடித்து வெள்ளை உடை போட்டு இறக்கிவிட்டிருக்கின்றன. ஒரே அணியில் ஆட வேண்டியவர்களில் எத்தனை பேர் நாட்டை விட்டுப் போனார்களோ, இயக்கத்துக்குப் போனார்களோ, காணாமல் போனார்களோ. இருந்தவர்களை வைத்து ஆடினார்கள்.

போட்டி என்றால் எதிரி வேண்டும். அடுத்த மார்ச்சில் அவனைத் தோற்கடிக்க வேண்டும் என்று நினைக்கும்போது, அவன் அடுத்த மார்ச் வரை உயிரோடும் ஊரோடும் இருக்க வேண்டும் என்ற ஆசையும் அதற்குள் இருக்கிறது. மத்திய கல்லூரி இல்லாமல் பரி. யோவானுக்குச் சமர் இல்லை. பரி. யோவான் இல்லாமல் மத்திய கல்லூரிக்கும் இல்லை. போர்க்காலத்தில் பெரிய ஆட்டத்துக்குக் காத்திருப்பது என்பது, நாமும் இருப்போம், அவர்களும் இருப்பார்கள் என்று ஊரே சேர்ந்து நம்புவதுதான்.

பிறகு வந்த மார்ச்சுகள்

2002-ல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 சாலை திறந்தபோது வெளியூரில் இருந்த பழைய மாணவர்கள் திரும்பிவர ஒரு வழி பிறந்தது. 2006-ல் சாலை மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த பின் மறுபடி திறந்தது. 1990-ல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 அக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. கூட்டம் பழையபடி கூடியது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. பல வருடங்களாக யாழ்ப்பாணத்துப் பையனின் கிரிக்கெட், இந்தச் சமரோடு முடிந்துவிடும். அதற்கு மேலே போகப் பாதையே கிடையாது. மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் என்ற சுழற்பந்து வீச்சாளர் 2020-ல் லங்கா பிரீமியர் லீக்கில் ஜாஃப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காக ஆடினார். 2023-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காக ஆடினார். 2024-ல் ஐ.பி.எல்.லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியில் பந்து போட்டார். டிவியில் அந்த மேட்சைப் பார்த்த தமிழ்நாட்டு ரசிகர்களில் பலருக்கு அவர் ஒரு புதுப்பெயர். யாழ்ப்பாணத்துக்கு அவர் வடக்கின் பெரும் சமரில் ஆடிய பையன்.

கோப்பை யார் கையில் என்பது ஒவ்வொரு வருடமும் மாறும். ஸ்கோர் மறந்துபோகும். அந்த வரிசை எண்ணை மட்டும் ஊர் கவனமாக எண்ணிக்கொண்டே வருகிறது. நடக்காத வருடத்துக்கு எண் கொடுக்கவில்லை, நடந்ததை விட்டுவிடவும் இல்லை. யாழ்ப்பாணத்தின் நூறு வருடக் கதையை ஒரே ஒரு எண்ணில் சொல்ல வேண்டும் என்றால் அந்த 113-ஐச் சொல்லலாம்.