பிரான்ஸ் அரியணைக்கான இங்கிலாந்தின் உரிமைகோரல்

பிரான்ஸ் அரியணைக்கான இங்கிலாந்தின் உரிமைகோரல் என்பது, இங்கிலாந்து மன்னர்கள் தம்மைப் பிரான்சின் அரசர் என்றும் அழைத்துக்கொண்ட வழக்கத்தைக் குறிக்கும். 1340 ஆம் ஆண்டில் மூன்றாம் எட்வர்ட் ஏற்ற இப்பட்டம், சில இடைவெளிகள் தவிர, 1801 வரை நீடித்தது. இக்காலத்தின் பெரும்பகுதியில் பிரான்சின் ஆட்சி அவர்களிடம் இருக்கவில்லை.

தோற்றம்

1328 இல் பிரான்ஸ் அரசர் நான்காம் சார்லஸ் ஆண் வாரிசின்றி இறந்தார். அவருடைய சகோதரி இசபெல்லாவின் மகனே மூன்றாம் எட்வர்ட். எனினும், பெண்வழி உரிமையை ஏற்காத பிரெஞ்சுப் பிரபுக்கள், சார்லசின் சிற்றப்பன் மகனான ஆறாம் பிலிப்பை அரசராக்கினர். எட்வர்டும் முதலில் இதற்கு இணங்கினார். தென்மேற்குப் பிரான்சில் தமக்கு உரியதாயிருந்த அக்கித்தேன் பகுதிக்காக, 1329 இல் பிலிப்பைத் தம் மேலரசராக ஏற்று வணங்கினார். 1337 இல் பிலிப் அப்பகுதியைப் பறிமுதல் செய்வதாக அறிவித்ததை அடுத்து நூறாண்டுப் போர் மூண்டது.

பட்டத்தின் பயன்

1340 சனவரியில் பிளாண்டர்சின் கென்ட் நகரில் எட்வர்ட் இப்பட்டத்தை ஏற்றார். பிளாண்டர்ஸ் மக்கள் பிரான்ஸ் அரசருக்குக் கட்டுப்பட்டவர்கள். அயல்நாட்டு மன்னருடன் சேர்வது அவர்களுக்கு இராசத் துரோகமாகும். எட்வர்டே பிரான்சின் அரசர் என்றால் அக்குற்றம் எழாது. பட்டம் பேரம் பேசவும் உதவியது. 1360 இல் பிரெத்தினியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, விரிவாக்கப்பட்ட அக்கித்தேனுக்கு ஈடாக எட்வர்ட் பட்டத்தைக் கைவிட இசைந்தார். 1369 இல் போர் மீண்டும் தொடங்கியபோது அதனைத் திரும்ப ஏற்றார்.

குறுகிய கால ஆட்சி

1420 ஆம் ஆண்டின் துருவா உடன்படிக்கை, ஐந்தாம் ஹென்றியைப் பிரான்ஸ் அரசர் ஆறாம் சார்லசின் வாரிசாக அறிவித்தது. 1422 இல் இருவரும் இறந்தனர். கைக்குழந்தையாக அரசுரிமை பெற்ற ஆறாம் ஹென்றி, 1431 இல் பாரிசில் முடிசூட்டப்பட்டார். ஆயினும் வட பிரான்சின் பகுதிகளும் தென்மேற்கின் ஒரு பகுதியுமே அவர் வசம் இருந்தன. 1453 இல் காஸ்தியோன் போரில் ஏற்பட்ட தோல்விக்குப் பின் கலே துறைமுகமும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே எஞ்சின. 1558 இல் அவையும் பறிபோயின.

பெயரளவில் நீடித்தல்

நிலம் போன பின்னரும் பட்டம் போகவில்லை. பிரான்சின் அல்லி மலர்ச் சின்னம் இங்கிலாந்தின் அரச முத்திரையில் தொடர்ந்தது. 1611 இல் வெளியான ஆங்கில விவிலியத்தின் காணிக்கையுரையும் முதலாம் ஜேம்சைப் பிரான்சின் அரசர் என்றே விளிக்கிறது. 1688 இல் அரியணை இழந்து பிரான்சில் அடைக்கலம் புகுந்த இரண்டாம் ஜேம்சும், தமக்குப் புகலிடம் தந்த பதினான்காம் லூயியின் நாட்டிலேயே இப்பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

கைவிடல்

1792 இல் பிரான்ஸ் குடியரசானது. 1797 இல் லீல் நகரில் நடந்த அமைதிப் பேச்சில், பட்டத்தைக் கைவிடுமாறு பிரெஞ்சுத் தரப்பினர் கோரினர். 1801 சனவரி 1 அன்று பெரிய பிரித்தானியாவும் அயர்லாந்தும் ஒரே இராச்சியமாக இணைந்தபோது, மூன்றாம் ஜார்ஜின் பட்டங்களிலிருந்து பிரான்சும், முத்திரையிலிருந்து அல்லி மலரும் நீக்கப்பட்டன.