கார்த்திகை இருட்டு, ஆடி மழை

நவம்பர் கடைசியில் சென்னையில் சூரியன் மறைய மாலை 5:40 ஆகும். அதே நாளில் தெற்கு அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். கடிகாரம் என்னவோ இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். இந்திய நேரத்தைக் கணக்கிடும் தீர்க்கரேகை 82.5 பாகை, தெற்கு அந்தமான் கிடப்பதோ 92.7 பாகையை ஒட்டி. பாகைக்கு 4 நிமிடம் வீதம், வெளிச்சம் இங்கே 40 நிமிடம் முந்தி வந்து 40 நிமிடம் முந்திப் போகிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ‘பாகான் டைம்’ என்று தனியாக வைத்துக்கொண்டன. தீவுக்கு அந்த வசதி இல்லை. வேலை முடித்து, சாத்தமில் ஃபெர்ரி பிடித்து, பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் இறங்கி, ஷூ மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வருகிறவர் மாலை ஓட்டம் என்று நினைத்து ஓடுவது இரவு ஓட்டம்தான்.

வெளியில் ஓடுகிறவருக்கு இருட்டு ஒரு தொல்லை, மழை இன்னொரு தொல்லை. எதற்குப் பயம் என்று கேட்டால் மழைக்கு என்பார்கள். “நனைஞ்சா காய்ச்சல் வரும்” என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பயம் அது. சென்னையில் அதற்கு நியாயமும் உண்டு. அங்கே மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். அடியில் மூடியில்லாத சாக்கடைக் குழி இருக்கலாம், மின்கசிவு இருக்கலாம். இருட்டு அங்கே பெரிய விஷயமில்லை. சென்னை மாரத்தானின் முழு ஓட்டமே விடியுமுன் 4 மணிக்குத் தெருவிளக்கின் கீழ் தொடங்குகிறது. வெயிலுக்கு ஒளிந்து ஓடும் ஊர் அது.

பாம்பூஃப்ளாட்டில் இந்தக் கணக்கு தலைகீழ் என்பது என் கட்சி.

முதலில் மழை. போர்ட் பிளேர் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது, சென்னையைப் போல் இரண்டு மடங்கு. மே பாதிக்குமேல் தொடங்கினால் டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். மழை நின்றபிறகுதான் ஓடுவேன் என்பவர் பாதி ஆண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆனால் இது கடல்மட்டத்து வெதுவெதுப்பான மழை. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் ஆலங்கட்டியும் குளிர்மழையும் சூறைக்காற்றும் ஒன்றாகத் தாக்கி 21 ஓட்டக்காரர்கள் இறந்தார்கள். அந்தக் குளிர் இங்கே இல்லை. இங்கே உடம்புக்கு எதிரி ஈரப்பதம்: வியர்வை ஆவியானால்தான் சூடு தணியும், தீவுக் காற்றிலோ அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே போகிறது. காற்று செய்யாததை மழைத்தண்ணீர் செய்கிறது. தோலைத் தொட்டு ஓடும்போதே சூட்டையும் இழுத்துப் போகிறது.

வழுக்கல் உண்டு; பாசி பிடித்த சிமெண்ட் ஓரம் மோசம். 2004 சுனாமிக்குக் காரணமான நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆகவே கரையோரத் தாழ்வுகளில் கடல் ஏற்றமும் மழையும் சேர்ந்தால் தண்ணீர் நிற்கும். ஆனாலும் மழையில் உயிருக்கு உலை வைப்பது மின்னல்தான். 2022-இல் மட்டும் நாடு முழுவதும் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். தென்னை மரத்தடி ஒதுங்குமிடம் அல்ல.

இனி இருட்டு. 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ சூரியன் மறைவதைப் பார்க்க மவுண்ட் ஹாரியட் ஏறினார் (2021 முதல் அது மவுண்ட் மணிப்பூர்). இறங்கி வருவதற்குள் இருட்டிவிட்டது. பாம்பூஃப்ளாட்டை அடுத்த ஹோப் டவுன் ஜெட்டியில், தீவட்டி வெளிச்சத்தில், காவலர் சூழ நடந்தவரை ஷேர் அலி என்ற கைதி இருட்டிலிருந்து பாய்ந்து கத்தியால் குத்திக் கொன்றான். அரசியலை வரலாற்றாசிரியர்களுக்கு விட்டுவிடலாம். ஓடுகிறவருக்கு அதில் வேறொரு செய்தி இருக்கிறது: வெளிச்சத்தின் நடுவே இருப்பவர் எல்லோர் கண்ணுக்கும் தெரிவார், அவர் கண்ணுக்கோ வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது. நெற்றியில் கட்டும் ஹெட்லாம்ப்பும் அப்படித்தான். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். அதைக் கெடுக்க எதிரே வரும் ஒரு ஜீப்பின் விளக்கு போதும். ஃபெர்ரி வந்து நின்றதும் வண்டிகள் மொத்தமாக இறங்குகிற ரோட்டில் ஒரு ஜீப்போடு அது முடியாது.

அப்புறம் கட்டுவிரியன். அந்தமானுக்கே உரிய கட்டுவிரியன் இனமும் இரவில்தான் நடமாடும். நம் நாட்டுக் கூட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தை வைத்துச் செய்யப்படுவது. அந்த விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. மருந்துக்குப் பயன்படுவது மெயின்லேண்ட் கட்டுவிரியனின் விஷம். தீவினத்தின் விஷம் அதில் சேரவில்லை. கடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும், கடிபடாமல் இருப்பது அதைவிட மேல்.

சரி, இரவில் குளுமையாவது கிடைக்குமா? சென்னை மே மாதத்தில் கிடைக்கும். இங்கே பகலில் 30 டிகிரி, இரவில் 24 டிகிரி. வித்தியாசம் குறைவு, இரவில் ஈரப்பதமோ கூடுகிறது. இருட்டில் ஓடிக் கிடைக்கும் லாபம் சொற்பம்.

அதனால் தீவில் ஓடுகிறவருக்கு என் யோசனை, விடிகாலை மழை. ஜூனில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது. டிசம்பரிலும் ஐந்தரையைத் தாண்டினால் வந்துவிடும். கடிகாரம் மாலையில் பிடுங்கியதைக் காலையில் கொடுத்துவிடுகிறது, எழுந்திருக்கத்தான் மனம் வேண்டும். மாலையை விட்டால் நேரமே இல்லை என்பவர் மழையில்லாத இரவில், வீடுகளும் தெருவிளக்கும் இருக்கிற பகுதிக்குள் ஓடட்டும். காட்டுப் பக்கம் ஏறும் ரோடு பகலுக்கு உரியது.

இருட்டும் மழையும் சேர்ந்து வந்தால்? இருட்டுக்கு மருந்து விளக்கு. மழையில் அந்த விளக்கொளி துளிகளில் பட்டுத் திரும்பிக் கண்ணிலேயே அடிக்கும். இருட்டில் வண்டி வருவதைச் சொல்வது காது. மழைச் சத்தம் அதையும் அடைத்துவிடும். வழியில் மாட்டிக்கொண்டால் விளக்கை நெற்றியிலிருந்து கழற்றி இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். திரும்பி வரும் ஒளி கண்ணுக்கு நேரே அடிக்காது, பள்ளமும் கல்லும் நீளமாக நிழல் போட்டுத் தெரியும். ஓட வேண்டாம், வண்டிகளுக்கு எதிர்முகமாக வீடு வரை நடங்கள்.