மே மாதம் இல்லாத வருடம்

அந்த நியமனக் கடிதத்தை எழுதியது நான்தான். சில ஆண்டுகளுக்கு முன் ராணிப்பேட்டை வட்டாரத்துக் கல்லூரி ஒன்றின் விளையாட்டுக் குழுவில் நானும் இருந்தேன். பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஓர் உதவிப் பயிற்சியாளரை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அதே கல்லூரியில் படித்து, பல்கலைக்கழக அணிக்கு ஆடிய பெண் ஒருத்தி கிடைத்தாள். "நீங்கள் தமிழ்த் துறைதானே மேடம், நல்ல தமிழில் ஒரு கடிதம் போட்டுக் கொடுங்கள்" என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். 'மதிப்பூதியம்' என்று எழுதினேன். 'ஜூன் முதல் ஏப்ரல் முடிய' என்று எழுதினேன். 'இப்பணி எதிர்காலத்தில் எவ்வித உரிமையும் கோர வழிவகுக்காது' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். அதையும் சேர்த்தேன். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லாத கடிதம் அது.

கடிதம் வாங்க வந்த நாளில் அவளுடன் அவள் அம்மாவும் வந்திருந்தார். வீட்டில் உட்கார்ந்து ஷூவுக்கு அப்பர் தைப்பவர். மகள் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். முழுவதும் கேட்டுவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏம்மா டீச்சர், இது பீஸ் ரேட்டா, மாசச் சம்பளமா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை இந்தத் தோல் வட்டாரத்தில் வேலை என்றால் முதலில் கேட்கப்படும் கேள்வி அது. கம்பெனிக்குள் போகிறவளுக்கு மாசச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. வீட்டில் தைக்கிறவளுக்கு ஜோடிக் கணக்கு. ஆர்டர் நின்றால் கூலியும் நின்றுவிடும். அந்த அம்மாவுக்குத் தெரிந்த இந்த இரண்டு கட்டங்களில் எதிலும் என் கடிதம் அடங்கவில்லை. மாதாமாதம் பணம் உண்டு, ஆனால் மே மாதம் கிடையாது. இது எப்படி வந்தது என்று தேடியதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் சொற்களைப் பார்க்கலாம், என் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது. நம் அரசாணைகளில் சம்பளத்துக்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன: காலமுறை ஊதியம், தொகுப்பூதியம், மதிப்பூதியம். முதல் சொல்லுக்குள் காலம் இருக்கிறது. வேலை செய்பவருக்கு வயது கூடும், அனுபவம் கூடும், விலைவாசி ஏறும் என்பதை அந்தச் சொல் ஏற்றுக்கொள்கிறது. ஆண்டு ஊதிய உயர்வும் அகவிலைப்படியும் விடுப்பும் அதிலிருந்து வருபவை. தொகுப்பூதியத்தில் காலம் வெளியே எடுக்கப்படுகிறது. எல்லாம் சேர்த்து ஒரே தொகை, படிகள் கிடையாது. மதிப்பூதியத்தில் தொகைக்கு முன்னால் மரியாதை வந்து நிற்கிறது. கல்லூரிகளில் 'கௌரவ விரிவுரையாளர்' என்கிறோமே, அதே மரியாதை. பணம் குறைகிற இடத்தில் கௌரவம் ஏறிக்கொள்கிறது.

திருக்குறளில் 'ஊதியம்' என்றால் சம்பளம் அல்ல, ஆதாயம். உடலை வருத்தி உழைப்பவருக்குக் கிடைப்பதைச் சொல்ல வள்ளுவர் எடுத்துக்கொண்ட சொல் 'கூலி'. என் கடிதத்தில் கூலி என்று எழுதியிருந்தால் எத்தனை மணி நேரத்துக்கு, எத்தனை நாளுக்கு என்ற கேள்வி அங்கேயே எழுந்திருக்கும். மதிப்பூதியம் என்று எழுதியதால் யாரும் எதுவும் கேட்கவில்லை, அந்த அம்மாவைத் தவிர.

*

கூடைப்பந்து தொடக்கத்திலிருந்தே ஆசிரியர்களின் விளையாட்டு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இதை உருவாக்கினார். அடுத்த சில மாதங்களிலேயே அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை செண்டா பெரென்சன் இதைத் தன் மாணவிகளுக்காக மாற்றி அமைத்தார். 1893 மார்ச்சில் அங்கே பெண்கள் ஆட்டம் நடந்தது. ஆக, இந்த விளையாட்டில் பெண்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் அல்லர். நம் ஊருக்கு இது வந்ததும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, உடற்கல்வி ஆசிரியர் என்பதையே ஒரு தொழிலாக இங்கே நிலைநிறுத்தியது.

விளையாட்டு இவ்வளவு பழையது. ஆனால் அதைக் கற்றுத்தருபவருக்கு, குறிப்பாக இரண்டாம் இடத்தில் நிற்கும் உதவிப் பயிற்சியாளருக்கு, என்ன கொடுக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அது எங்கே போய் முடியும் என்பதைப் பார்க்க, இந்த விளையாட்டில் பணம் கொட்டிய நாட்டுக் கதையைத்தான் பார்க்க வேண்டும்.

1972இல் அமெரிக்காவில் 'டைட்டில் நைன்' சட்டம் வந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் பாலின பேதம் காட்டக்கூடாது என்றது சட்டம். அதுவரை அங்கே கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவற்றுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். அவர்களில் பலர் உடற்கல்வி ஆசிரியைகள். வகுப்பு முடிந்த பிறகு, பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், அணியைப் பார்த்துக்கொண்டவர்கள். 1974இல் டென்னசி பல்கலைக்கழகத்துக்கு உதவியாளராகச் சேர வந்த 22 வயதுப் பெண் ஒருவர், இருந்தவர் விலகிப் போனதால் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். மாதம் 250 டாலர். சீருடைகளை அவரே துவைத்தார், வேனை அவரே ஓட்டினார். அவர்தான் பேட் சம்மிட். 2012இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,098 வெற்றிகள்.

சட்டத்தால் பெண்கள் விளையாட்டுக்குப் பணம் வந்தது. மாணவிகள் பல மடங்கு பெருகினார்கள். பயிற்சியாளர் வேலை சம்பளமுள்ள வேலை ஆனது. ஆனதும் அந்த இடங்களுக்கு ஆண்கள் வந்தார்கள். இன்று அங்கே பெண்கள் அணிகளில் பாதிக்கும் குறைவானவற்றுக்கே பெண் பயிற்சியாளர்கள். ஆண்கள் அணிகளுக்குப் பயிற்சி தரும் பெண்களோ மிகச் சிலர். சும்மா செய்தபோது அது பெண்ணின் இயல்பு, காசு வந்ததும் அது ஆணின் தொழில். சமையல் சமையற்கலை ஆனபோது நாம் பார்த்ததும் இதைத்தானே.

1991இல் இன்னொன்று நடந்தது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி, முதல் பிரிவு ஆண்கள் கூடைப்பந்து அணிகளில் ஒவ்வோர் உதவிப் பயிற்சியாளரை 'வரையறுத்த வருமானப் பயிற்சியாளர்' என்று ஆக்கியது. ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் கொடுக்கக்கூடாது. புதிதாக வரும் இளைஞர்களுக்கான ஆரம்பநிலை இடங்கள் இவை என்பது அமைப்பு சொன்ன நியாயங்களில் ஒன்று. பயிற்சியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். புதியவர்கள்தான் இந்த இடங்களுக்கு வர வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லையே என்று 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நியாயத்தைத் தள்ளியது. 1999இல் அமைப்பு 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

அதே காலத்தில் மேரியான் ஸ்டான்லி என்ற பெண் பயிற்சியாளரும் நீதிமன்றத்தில் நின்றார். மூன்று முறை தேசியப் பட்டம் வென்ற அணிகளை உருவாக்கியவர். 1993இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தபோது, அங்கே ஆண்கள் அணிப் பயிற்சியாளருக்குக் கொடுப்பதைத் தனக்கும் கேட்டார். அவருடைய பொறுப்பு வேறு, அனுபவம் வேறு என்று 1994இலும் 1999இலும் தீர்ப்பு வந்தது. ஸ்டான்லி தோற்றார். உதவிப் பயிற்சியாளர்களாக ஆண்கள் கேட்டது கிடைத்தது, தலைமைப் பயிற்சியாளராக ஒரு பெண் கேட்டது கிடைக்கவில்லை. அவர்கள் வழக்கு வேறு சட்டத்தின் கீழ் வந்தது என்பது உண்மைதான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஆண்கள் தங்களை யாரோடும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. சம ஊதியம் கேட்கும் பெண், தனக்கு நிகரான ஓர் ஆணைக் கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும்.

*

இந்தியாவிலும் அந்த ஒப்பீட்டில்தான் சிக்கல். 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் சம ஊதியம் என்றது. 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசுக்கு எதிரான ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் குறைந்தபட்ச ஊதியம் தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரிய தீர்ப்பு. ஆனால் எங்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் தன்னை யாரோடு ஒப்பிடுவாள்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் உடற்கல்வி இயக்குநர் பதவி உண்டு, அதற்குத் தகுதியும் ஊதிய விகிதமும் உண்டு. கூடைப்பந்துக்கென்றோ கபடிக்கென்றோ பயிற்சியாளர் பதவி இல்லை. மாலை 4 மணிக்கு மைதானத்தில் நிற்பவள் ஏட்டில் இல்லாத ஒரு வேலையைச் செய்கிறாள். நிரந்தரப் பதவியே இல்லாத இடத்தில் நிகர் எங்கிருந்து வரும்?

பள்ளிகளில் இது இன்னும் தெளிவாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. கல்வியை உரிமை ஆக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 100 குழந்தைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமை ஆசிரியர் வேண்டும் என்கிறது. கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் என்கிறது. குழந்தையின் உடல் அரை நாள் விஷயம் என்று சட்டமே எழுதிவிட்டது.

அதன்படி 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் 5,392 பேர் உடற்கல்விக்கு. வாரத்துக்கு மூன்று அரை நாட்கள், மாதம் 5,000 ரூபாய். 2014இல் அது 7,000 ஆனது, 2017இல் 7,700, 2021இல் 10,000, 2024இன் தொடக்கத்தில் 12,500. அப்போது மே மாதத்துக்குக் கிடைக்கவில்லை. 12,500 என்பதைப் பதினொன்றால் பெருக்கினால் வருடத்துக்கு 1,37,500 ரூபாய். பணி நிரந்தரம் 2021 தேர்தலில் தி.மு.க.வின் 181ஆவது வாக்குறுதியாக இருந்தது. 2012இல் 30 வயதில் சேர்ந்தவருக்கு இப்போது 40 தாண்டிவிட்டது. ஆரம்பநிலை என்று சொல்லிக் கொடுத்த இடத்திலேயே நடுவயது வந்துவிட்டது.

மே மாதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மைதானத்துக்கு மே மாதம் விடுமுறை அல்ல. கோடைகாலப் பயிற்சி முகாம்கள் நடப்பது அப்போதுதான். ஒரு பெண்ணின் வீட்டில் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் புரட்ட வேண்டியதும் அப்போதுதான். வருடத்தில் ஒரு மாதத்தை வெட்டியெடுப்பதால் தொடர்ச்சி அறுபடுகிறது. ஒவ்வொரு ஜூனிலும் அவள் புதியவள். பணிக்காலம், மூப்பு, பேறுகால விடுப்பு எல்லாமே தொடர்ச்சியைக் கேட்பவை. டெல்லி மாநகராட்சியில் தினக்கூலியாக வேலை செய்த பெண்கள் வழக்கில், அவர்களுக்கும் பேறுகாலச் சலுகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாள் 2000 மார்ச் 8. சட்டப்படி, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஆனால் அந்த நாட்களைக் காட்ட ஒரு பதிவேடு வேண்டும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கப்படும் மதிப்பூதியத்தில் வருகைப் பதிவேடு எங்கே இருக்கிறது?

*

அடுத்த ஆண்டு கடிதத்தைப் புதுப்பிக்க வந்தபோது மூன்று திருத்தங்கள் சொன்னேன். மதிப்பூதியம் என்பதை ஊதியம் என்று மாற்றலாம். பதினொரு மாதத்தைப் பன்னிரண்டு ஆக்கலாம். கடைசி வரியை எடுத்துவிடலாம். "அப்படி எழுதினால் நாளைக்கு வந்து கேட்பார்கள் மேடம்" என்று பதில் வந்தது. கேட்கத்தானே வேண்டும் என்று நான் அன்று சொல்லவில்லை. எனக்குக் காலமுறை ஊதியம், மே மாதமும் சேர்த்து. பேசாமல் இருப்பதற்கும் அதில் சேர்த்தே கொடுக்கிறார்கள் போலும்.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளை இப்படியொரு கடிதத்தை வாங்குவீர்கள். சிலர் என்னைப் போல எழுதித் தருவீர்கள். எந்தப் பக்கம் இருந்தாலும் முதலில் மாதங்களை எண்ணுங்கள். பிறகு பணத்துக்குப் போட்டிருக்கும் பெயரைப் பாருங்கள். வருகையைப் பதிவு செய்ய ஒரு ஏடு இருக்கிறதா என்று கேளுங்கள். நிரந்தரம் கேட்பதற்கு முன்பே கேட்கக்கூடியவை இவை.

அந்தப் பெண் ஜூனில் வரவில்லை. ஷூ கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்துவிட்டாள். சில மாதம் கழித்து அவள் அம்மாவைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். "இப்போ மாசச் சம்பளம் டீச்சர்" என்றார். நான் ஒன்றும் கேட்காமலே, "மே மாசமும் உண்டு" என்று சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் இன்னமும் மைதானத்துக்கு வருகிறாள். பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள், வராமல் இருக்க முடியவில்லை என்கிறாள். அதற்கு அவளுக்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை.